இரண்டாமவன் வாய் திறந்தான்

சண்டை விமானத்தில் பதினாறு வருடம் பறந்த மனுஷன், ஒரு காப்பி இயந்திரத்தின் முன்னால் கை நடுங்க நின்றான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி, விமானப் பயிற்சிக் கூடத்தின் இரண்டாம் மாடி. பொத்தானை அழுத்தியவன் கோப்பையை வைக்க மறந்துவிட்டு, காப்பி முழுக்கத் தட்டில் கொட்டி வடிவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். வரிசையில் பின்னால் நின்ற விமானப் பணிப்பெண் ஒருத்தி, "சார், கோப்பை! கோப்பை!" என்று கத்தினாள். அப்போதும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

வார்த்தை வராததுதான் அவன் தலைவலியே. பத்து நிமிடத்துக்கு முன்னால் தேர்வில் தோற்றதும் அதனால்தான்.

படையில் அவனுக்கு ஊமையன் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் அல்ல, மெச்சி வைத்தது. அங்கே விமானங்கள் இரண்டிரண்டாகப் பறக்கும். முன்னால் போகிறவர் லீடர். சற்றுப் பின்னால் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகிறவனை இரண்டாமவன் என்பார்கள். வழி, உயரம், வானிலை எல்லாம் லீடர் பாடு. இரண்டாமவன் லீடரை மட்டும் பார்த்தால் போதும். ரேடியோவில் அவன் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, "இரண்டு". கேட்டுவிட்டேன் என்று பொருள். லீடர் ஏதாவது கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லலாம். அதற்கு மேல் வாயைத் திறந்தால், வார்த்தைக்கு ஒரு சுற்று என்று சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். முப்பது சுற்று ஓடி வாந்தி எடுத்த ஓட்டைவாயர்கள் உண்டு. நம் ஆள் பதினாறு வருடத்தில் ஒரு சுற்றுகூட ஓடியதில்லை. கல்லுளிமங்கன்!

அவனே லீடராகும் முறை பல தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு முதுகுவலி, ஒரு பல்வலி. ஏன் நழுவுகிறான் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, வெளிநாட்டில் ஒரு பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தான். மனைவி தன் வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஒன்பது வயது மகள் நான்காம் வகுப்பின் நடுவில் பள்ளி மாறினாள். கம்பெனி கொடுத்த ஏழாவது மாடி வீட்டில் இன்னும் பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படவில்லை.

இங்கே எல்லாம் தலைகீழ். விமானி அறையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் கைவைப்பதை இன்னொருவர் வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். கேப்டன் தப்பாகப் போனால் துணை விமானி சொல்ல வேண்டும். பதில் இல்லையா, மறுபடி சொல்ல வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் கேப்டன் மயங்கிவிட்டார் என்று வைத்துக்கொண்டு, "விமானம் என் கையில்" என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த விதியைத் தாளில் எழுதச் சொன்னபோது ஊமையன் நூற்றுக்கு நூறு வாங்கினான். எழுதுவதற்கு வாய் வேண்டாமே.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். சிமுலேட்டர் என்பது விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி எடுத்து இரும்புக் கால்கள் மேல் நிறுத்தியது போன்ற ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் ஆட்டமும் அதிர்வும் அச்சு அசல் நிஜம். இடது இருக்கையில் கேப்டன், வலதில் இவன், முதுகுக்குப் பின்னால் தேர்வாளர். கண்ணாடிக்கு வெளியே மூடுபனி. ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது கேப்டன் பேச்சை நிறுத்தினார். கண் திறந்திருந்தது, கை பிடியில் இருந்தது. மயங்கியதுபோல் நடிக்கும்படி தேர்வாளர் அவரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். வேகம் குறைந்தது. விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே போனது. ஊமையன் பார்த்தான். கருவிகளின் ஒவ்வொரு முள்ளையும் பார்த்தான். இவருக்குத் தெரியாததா, காரணமாகத்தான் செய்வார் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மணி அலறி, கண்ணாடி முழுக்கச் சிவப்பாகும் வரைக்கும் அவன் மரியாதையாக உட்கார்ந்திருந்தான்.

விளக்கைப் போட்டுவிட்டுத் தேர்வாளர் கேட்டார்: "நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு?"

ஊமையன் இருக்கைப் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"பின்னாடி நூத்தி எண்பது பேர் உக்காந்திருக்காங்க. நீங்க கேப்டனுக்கு மரியாதை குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க. வியாழக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு இன்னொரு தடவை பாப்போம். அதுலயும் இப்படின்னா, மன்னிச்சுக்கங்க, உங்கள நாங்க வச்சுக்க முடியாது."

வைத்துக்கொள்ள முடியாது என்றால் பதினாலு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விசா போகும். படையில் கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியாது. இதெல்லாம் பெரிய கவலைதான். ஆனால் கை நடுங்கியது இதற்காக அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அவன் இதே மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது பொம்மைப் பெட்டி அல்ல. இன்றைக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவனுக்கு ஒன்று தெரிந்துபோனது. தான் மாறவே இல்லை. நாளைக்கே நிஜ விமானத்தில் ஏற்றினாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். அந்தப் பயம் அவனைப் பிடித்து உலுக்கியது.

வீட்டுக்கு வந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"கணக்குல தப்பா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"இறக்கறதுல தப்பா?"

"பேசல. பேச வேண்டிய எடத்துல பேசல."

அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "பதிமூணு வருஷமா நான் கரடியா கத்தினேனே! வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இப்போ வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் சொல்லித்தான் தெரியுதாக்கும்." சிரித்து முடித்ததும், "நாளைக்கு நான் பழக்கி விடறேன்" என்றாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியவள்.

புதன்கிழமை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரத்தின் எதிரில் இரண்டு நாற்காலியைப் போட்டாள். அதன் வட்டக் கண்ணாடிதான் விமானத்தின் முன்கண்ணாடி. இடது நாற்காலியில் மனைவி கேப்டன். விமானத்தை ஓட்டும் பிடிக்குப் பதில் கையில் ஒரு துடைப்பக் கைப்பிடி. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டுவாள், எங்கேயாவது சட்டென்று நிறுத்துவாள், இவன் கூப்பிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

"ரெண்டாயிரம் அடி, எறங்கறோம்" என்று ஆரம்பித்தாள். "எதிர்வீட்டுக்காரி நேத்து லிஃப்டுல என்னப் பாத்து சிரிச்சா. ஆயிரத்து ஐநூறு அடி. உங்க பொண்ணுக்கு ஷூ பத்தல, கட்டை விரல் முட்டுது. ஆயிரம் அடி. இந்த ஊரு தண்ணில முடி கொட்டுதுங்க..."

நிறுத்தினாள். துணி சுற்றிக்கொண்டே இருந்தது. ஊமையன் அவளைப் பார்த்தான். அசைவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இதோ இப்போது பேசுவாள், இப்போது பேசுவாள் என்று காத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தில் முழுசாக ஆறு நிமிடம் போனது. பெண்பிள்ளை பிடிவாதக்காரி, கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்தாள். கடைசியில் இயந்திரம்தான் துவைத்து முடித்துவிட்டதாகக் கத்தியது.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"நான் செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருப்பீங்களா?"

அவ்வளவுதான். ஊமையன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் பயந்துபோய், "ஐயோ, விளையாட்டுக்குங்க! என்னங்க ஆச்சு?" என்று எழுந்து வந்தாள்.

"லீடர் செத்தப்ப நான் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றான்.

லீடர் இறந்ததை அவளுக்குச் சொல்லவே வேண்டாம். படைக் குடியிருப்பில் பக்கத்து வீடு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடலுக்கு மேல் தாழப் பறந்தபோது விமானம் தண்ணீரில் மோதி இறந்துபோனார். சம்பவத்துக்குப் பிறகு மூன்று மாதம் அவள்தான் லீடரின் மனைவி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவின் போன் வரும். விசாரணையில் ஊமையன் சொன்னது எல்லாருக்கும் தெரியும்: பனிமூட்டத்தில் லீடர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார், நான் மேலே ஏறிவிட்டேன்.

"மறையல" என்றான் இப்போது. "அம்பது மீட்டர்ல இருந்தாரு. தெளிவாத் தெரிஞ்சாரு. கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே போனாரு. நாலு செகண்டு. என் கட்டைவிரல் ரேடியோ பொத்தான் மேலதான் இருந்துச்சு. ஏறுங்கன்னு ஒரு வார்த்தை. ஒரு சுத்து ஓடியிருப்பேன், அவ்ளோதானே. அவருக்குத் தெரியாததான்னு நெனச்சேன். என் கை என் விமானத்த மேல இழுத்துடுச்சு. வாய் தொறக்கல."

மனைவி அவனை அணைத்துக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஏழு மாடிக்குக் கீழே பேருந்து ஒன்று வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்தது கண்முன் வந்தது. பக்கத்து வீட்டில் இந்த மனுஷன் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் சுருண்டிருந்தவனைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை.

"நாளைக்கு அங்க வாயத் திறங்க" என்றாள். "அப்புறம் அக்காகிட்ட திறங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"கேட்டுட்டு அவங்க நம்ம முகத்துலயே முழிக்க மாட்டாங்க."

"முழிக்காம போகட்டும்."

அன்றைக்கு மத்தியானம் மறுபடி பழகினார்கள். மகள் பள்ளியிலிருந்து வந்து, அப்பாவும் அம்மாவும் துணி இயந்திரத்தைப் பார்த்து, "கேப்டன்! கேப்டன்! விமானம் என் கையில்!" என்று கத்துவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு தானும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பயணியாக உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை. கூடத்துக்குள் நுழைந்ததும் ஊமையன் மூன்று தடவை கழிவறைக்குப் போய் வந்தான். கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் பேயறைந்த முகம். இன்றைக்கு வேறு கேப்டன். குட்டையாக முடி வெட்டிய, அவனைவிட எட்டு வயது இளைய பெண். கலகலவென்று பேசுகிறவள். பேசிக்கொண்டே இருக்கிறவள் எப்போது நிறுத்துவாள் என்று எப்படித் தெரியும்?

முதல் கால் மணி நேரத்தில் அவள் தும்முவதற்கு ஒரு வினாடி நிறுத்தினாள். "கேப்டன்!" என்றான். "தும்மறேன்" என்றாள். இஞ்சின் கோளாறு ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து சரியாகச் சமாளித்தார்கள். அவள் பாட்டிலை வாயில் வைத்தாள். "கேப்டன்! கேப்டன்!"

"என்னங்க இது, தண்ணி குடிக்கக்கூட விட மாட்டீங்களா?"

பின்னாலிருந்து தேர்வாளர் செருமினார். ஊமையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் அவள் வரைபடத்தைப் பார்க்கக் குனிந்தபோது வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். நல்லவேளை, நிமிர்ந்துவிட்டாள்.

பிறகு மூடுபனி. இறக்கம். ஆயிரம் அடி என்று சொன்னான், சரி என்றாள். எழுநூறில் வேகம் குறைய ஆரம்பித்தது. அவள் பேசவில்லை. ஒரு வினாடி. மறுபடி தண்ணீர் விஷயமாக இருந்தால்? மறுபடி அசடு வழிய வேண்டும். இரண்டாவது வினாடி. உயரம் கோட்டுக்குக் கீழே நழுவியது. அவளுக்குத் தெரியாததா என்று அந்தப் பழைய குரல் சரியாக வந்து காதருகில் உட்கார்ந்தது. மூடுபனியில் ஓடுபாதை தெரியவில்லை, அவன் கண்ணுக்கு அன்றைய கடலின் சாம்பல் நிறத் தண்ணீர்தான் தெரிந்தது. மூன்றாவது வினாடி. பயத்தில் செத்துவிடுவோம் என்று நினைத்தான்.

"கேப்டன், வேகம்!"

பதில் இல்லை.

"கேப்டன்!! வேகம்!!"

அவள் பார்வை நேராகவே இருந்தது.

"விமானம் என் கையில்!"

பிடியை வாங்கினான். முழு வேகம் கொடுத்தான். மூக்கு உயர்ந்தது, பெட்டி அதிர்ந்தது, முட்கள் ஏறின. அவன் கத்திய கத்தலில் வெளியே கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்பப் பணியாளர் கதவைத் தட்டிவிட்டார்.

விளக்கைப் போட்டதும் அந்தப் பெண் காதைத் தேய்த்துக்கொண்டே, "நிஜமாவே மயக்கம் போட்டிருந்தாலும் எழுந்திருப்பேன்" என்றாள். தேர்வாளர் சிரிக்கவில்லை. மேலே ஏறியதும் பணிப்பெண்களுக்குத் தகவல் சொல்ல மறந்தது, முன்னால் தேவையில்லாமல் கூப்பிட்டது என்று அரைப் பக்கம் குறை எழுதினார். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"தேறிட்டீங்க. கொஞ்சம் மெதுவா கூப்பிடுங்க, அவ்ளோதான்."

ஊமையனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மனைவிக்கு இரண்டே வார்த்தையில் செய்தி அனுப்பினான். அவளிடமிருந்து வந்த பதிலில் வாழ்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை. "அக்கா?" என்று மட்டும் இருந்தது.

ஊழியர்களின் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் போய் உட்கார்ந்தான். காலையில் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. போனில் அக்காவின் நம்பரை எடுப்பான், வைத்துவிடுவான். உள்ளங்கை வியர்வையில் போன் வழுக்கியது. ஏன்டா அவரைக் காப்பாத்தலை? அக்கா இதைத்தான் கேட்பாள். வேறென்ன கேட்க முடியும்? ஒன்பது வருடமாக அவன் ஒளிந்து திரிந்தது இந்த ஒரு கேள்வியிடமிருந்துதான். லீடராகாமல் நழுவியதும், நாட்டை விட்டே வந்ததும் இதற்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

"டேய் ஊமையா!" அக்காவின் குரல். அவள் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை கூப்பிடறியே, என்னடா? பரீட்சை பாஸா?"

"பாஸ்க்கா. அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். கட் பண்ணாம கேளுங்க."

"என்னடா, குரலே சரியில்ல?"

"அன்னைக்கு அவரு பனியில மறையல. நான் பொய் சொன்னேன். அவரு எறங்கறத நான் பாத்துட்டே இருந்தேன். நாலு செகண்டு. சொல்லியிருக்கலாம். சொல்லல. பயந்துட்டேன்க்கா."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. பிள்ளைகள் சத்தம் நின்றது. ஊமையன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தான்.

"பாத்தியா?" என்றாள். "அவரப் பாத்தியா நீ?"

"பாத்தேன்க்கா."

"அந்த நேரத்துல அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

அவன் எதிர்பார்த்த கேள்வி இது அல்ல.

"குனிஞ்சு எழுதிட்டிருந்தாரு. தொடையில ஒரு அட்டை கட்டியிருப்போம்ல, அதுல. அப்பத்தான் என்கிட்ட எரிபொருள் எவ்ளோ இருக்குன்னு கேட்டாரு. நான் சொன்னேன். திரும்பி வர்றதுக்கு ரெண்டு பேருக்கும் பத்துமான்னு கணக்கு போடுவாரு, எப்பவும். அதத்தான் எழுதிட்டிருந்தாரு."

"திரும்பி வர்றதுக்கா?"

"ஆமாக்கா."

"நல்லாப் பாத்தியா? எழுதிட்டுதான் இருந்தாரா?"

"கை அசைஞ்சது தெரிஞ்சுதுக்கா."

அக்கா அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை அவன் கேட்டதில்லை. சாவு வீட்டிலும் அவள் இப்படி அழவில்லை. நடுநடுவே வார்த்தைகள் வந்தன.

"அன்னைக்குக் காலைல சண்டைடா. எங்க அம்மா வீட்டு விஷயமா. நான் வாய்க்கு வந்ததப் பேசினேன். நீங்க திரும்பி வரலன்னாலும் எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி, அவரு மூஞ்சிலயே கதவச் சாத்தினேன். வரல. வேணும்னேதான் விமானத்தக் கடல்ல கொண்டு போய் விட்டாரு, நான் சொன்னதுக்குத்தான் விட்டாருன்னு... ஒன்பது வருஷம்டா! யார்கிட்டயும் சொல்லல. உன் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல."

ஊமையன் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தான். தான் வாய் திறக்காத நாலு வினாடி மட்டும்தான் தன் கணக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அதற்குப் பிறகு திறக்காத ஒன்பது வருடம் அவன் நினைப்பில் வந்ததே இல்லை.

"அக்கா, என்ன மன்னிச்..."

"மன்னிப்பெல்லாம் இப்போ கேக்காத. உன்ன நான் திட்டணும், நிறைய திட்டணும். அது அப்புறம்." மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு தடவை சொல்லு. அவரு உன்கிட்ட என்ன கேட்டாரு?"

ஊமையன் முதலிலிருந்து மறுபடி சொன்னான்.